நீ பேசாமல் போன பேச்சு

யூசுப்,

உன் மேல் சாந்தி உண்டாகட்டும். பெருங்குடி ஒன்றும் துபாய் இல்லை. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உன் முன்னால் வந்து நிற்கலாம். நின்றும் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அறைக்கு வந்து, நீ போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து, கல்யாணப் பிரியாணிக்கு எந்த அரிசி வாங்குவது என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பி வந்தேன். தி.நகரில் இத்தனை வருஷமாக மேட்சிங் சென்டரில் நின்று லைனிங் துணி விற்கிறவனுக்கு வாய்க்கு என்ன பஞ்சம்? ஆனால் அது விற்கிற வாய். தப்பை ஒப்புக்கொள்கிற வாய் எனக்கு இல்லை. எழுதினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன். இதுவும் ஒரு கோழைத்தனம்தான், தெரிகிறது.

உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் கீழ்வீட்டு ஸாரின் பெயரை நான் முதலில் எழுதியிருந்தேன். பதினாறு வருஷமாக அவருடைய மாடியில் குடியிருக்கிறோம், வீட்டுக்காரரை விட்டுவிட்டு யாருக்குப் பத்திரிகை வைப்பது? போன தடவை வீட்டுக்கு வந்தபோது நீ பேனாவை வாங்கி அந்தப் பெயரை அடித்தாய். காகிதம் கிழிகிற அளவுக்கு அடித்தாய். "அந்த ஆளு முன்வரிசையில உக்காந்து எனக்கு துஆ பண்ணி வாழ்த்த வேணாம் அத்தா. அவர் வந்தா நான் எழுந்து போயிடுவேன்" என்றாய். நான் பட்டியலை மடித்து வைத்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் படியில் ஸாரே என்னை நிறுத்தினார். "என்ன பாய், பையனுக்குக் கல்யாணமாமே! பத்திரிகை அடிச்சாச்சா?" என்றார். இன்னும் வரவில்லை என்று சொன்னேன். பத்திரிகைக் கட்டு அப்போது என் கையிலிருந்த பையிலேயே இருந்தது.

இந்த வீட்டுக்கு நாம் வந்த கதை உனக்குப் பாதி தெரியும். நீ ஏழாம் வகுப்பு. உன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்று நானும் உன் அம்மாவும் லஸ் முனையிலிருந்து கோயில் குளத்தைச் சுற்றி ஒவ்வொரு தெருவாக நடந்தோம். 'டு லெட்' போர்டு தொங்கும். கதவைத் தட்டினால் சிரித்த முகமாக வீட்டைக் காட்டுவார்கள், தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பது வரை சொல்வார்கள். கடைசியில், "உங்க பேரு?" என்பார்கள். பெயரைச் சொன்னதும், "அடடா, இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்பார்கள். சில இடத்தில் நாங்கள் தெருமுனை திரும்புவதற்குள் போர்டு பழையபடி தொங்கும். உன் அம்மாவுக்குக் கால் வீங்கிப் போயிற்று. அந்த நிலைமையில்தான் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் அம்மா ஸாரைப் பற்றிச் சொன்னார். ஸார் பெயரைக் கேட்ட பிறகும் சாவியைக் கொடுத்தார். ஆனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்: வீட்டில் அசைவம் சமைக்கக் கூடாது. நான் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம், ஒவ்வொரு முறையும் அந்த வரி அப்படியே வரும், நானும் அப்படியே கையெழுத்துப் போடுவேன்.

அந்த ஒரு வரிக்கு நான் எவ்வளவு வளைந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. பக்ரீத் அன்று ராயப்பேட்டையில் உன் அத்தை வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவோம். தெருக் குழாயில் உன் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவவைத்து, மோந்து பார்த்து, பிறகுதான் படியேற விடுவேன். சட்டையைக்கூட அத்தை வீட்டிலேயே மாற்றச் சொல்வேன். பெருநாள் சட்டையில் பெருநாள் வாசனை இருக்கக் கூடாதாம்! ஸார் அதையெல்லாம் கேட்டதே இல்லை. அவர் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது ஒன்பது. சுவரில் ஆணி அடிக்க வேண்டுமானால் கீழே போய், "ஸார், ஒரு ஆணி" என்று நிற்பேன். உன் அம்மா மல்லிகைச் செடி வைக்க ஆசைப்பட்டதற்கும் போய் நின்றேன். அவர் ஒவ்வொரு முறையும், "இதுக்கெல்லாம் எதுக்கு பாய் கேக்கறேள்?" என்பார். நான் அதையும் ஒரு எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டு அடுத்த முறை இன்னும் பணிவாகக் கேட்பேன். வாடகை வீட்டில் இருந்து இருந்து முதுகெலும்பையும் வாடகைக்கு விட்டவன் உன் அத்தா.

நீ பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். ஊரில் எல்லோரும் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிற ஒரு விஷயத்தைத் தேர்ந்தெடுத்து, நூலகத்தில் ஆதாரம் தேடி, பத்து நிமிஷம் பேச வேண்டும். இன்டர்நெட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தால் மார்க் கிடையாது என்று உன் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகள் மதுவிலக்கு, செல்போன் என்று எழுதிக் கொடுத்தார்கள். நீ எழுதிக் கொடுத்த தலைப்பு, 'வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது வீட்டுக்காரரின் உரிமை மட்டும்தானா?' அதைக் கேட்டதுமே கீழே ஸார் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஆனால் நூலகத்துக்குப் போகிற பிள்ளையைத் தடுக்கிற தகப்பன் என்று பெயர் வாங்க மனமில்லாமல் சும்மா இருந்தேன்.

எத்தனை சனிக்கிழமை போனாய்! அடையாறு பக்கம் இருந்த அந்த நூலகத்தில் பையைக் கவுன்டரில் வைத்து டோக்கன் வாங்கிக்கொண்டு, பழைய பேப்பர்களை வருஷ வாரியாக பைண்டு பண்ணி வைத்திருக்கிற மேஜைக்குப் போய்விடுவாயாம். பேனா கூடாது, பென்சில்தான். செய்தியை விட்டுவிட்டு 'வாடகைக்கு' என்ற பத்தியை மட்டும் நீ தேதி தேதியாகப் படிப்பதைப் பார்த்து அங்கே இருந்த நூலகர் அம்மா, "உங்களுக்கு வீடு வேணுமா தம்பி?" என்று கேட்டதாக வந்து சொல்லிச் சிரித்தாய். குறிப்பு எழுத அட்டை வேண்டும் என்றாய். லைனிங் துணி சுற்றி வருகிற அட்டைகளைக் கடையிலிருந்து நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். நீ அவற்றை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒவ்வொன்றின் மூலையிலும் எந்தப் பேப்பர், எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று பொடி எழுத்தில் குறித்தாய். வாடகைச் சட்டப் புத்தகத்துக்குத் தனிக் கட்டு. வீட்டுக்காரர்கள் ஆசிரியருக்கு எழுதிய கடிதங்களுக்குத் தனிக் கட்டு. "அவங்க பக்கம் எதுக்குடா?" என்று நான் எரிந்து விழுந்தேன். "அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு அத்தா. வாடகையை மட்டும் நம்பி இருக்கிற வயசானவங்க இருக்காங்க. பக்கத்து வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்களோன்னு பயப்படறவங்க இருக்காங்க. அதை வெக்காம பேசினா அது பேச்சு இல்ல, சண்டை" என்றாய். பதினேழு வயதில் உனக்கு அந்த நிதானம் எங்கிருந்து வந்ததோ, என்னிடமிருந்து இல்லை.

போட்டிக்கு நான்கு நாள் முன்னால் எனக்கும் உன் அம்மாவுக்கும் பேச்சை வாசித்துக் காட்டினாய். நூலகத்தில் எடுத்த ஆதாரங்கள் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் நம் கதை வந்தது. "பெயர் கேட்கும்வரை வீடு காலியாக இருந்தது. என் தந்தை தன் பெயரைச் சொன்னதும் அது நிரம்பிவிட்டது" என்று வாசித்தாய். உன் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லத் தோன்றியது. ஆனால் அடுத்த நொடியே எனக்குள் இருந்த குடித்தனக்காரன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. ஸார் அதே பள்ளியில் படித்தவர், எல்லா விழாவுக்கும் போகிறவர். ஊருக்கே தெரிகிற மாதிரி பையன் பேசினால் அவர் என்ன நினைப்பார்?

அதற்குப் பிறகு நான் செய்ததை வேறு யாராவது செய்வார்களா என்று தெரியவில்லை. ஆணிக்குப் போய் நின்ற மாதிரியே உன் பேச்சுக்கும் போய் நின்றேன். நீ டியூஷன் போயிருந்த நேரம் பார்த்து உன் தாள்களை எடுத்துக்கொண்டு கீழே போனேன். "ஸார், பையன் ஏதோ விவரம் தெரியாம எழுதிட்டான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், மாத்திடுவான்" என்றேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். ஆற அமரப் படித்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் சொன்னது இதுதான், யூசுப். இதைத்தான் இத்தனை வருஷமாக உன்னிடமிருந்து மறைத்தேன். "நன்னா எழுதியிருக்கான் பாய். ஆனா ஒண்ணை விட்டுட்டான். நம்மாத்துல நான் போட்ட கண்டிஷன் இதுல இல்லையே? மரியாதைக்காக விட்டிருப்பான் போலருக்கு. அதையும் எழுதச் சொல்லுங்கோ. அது இல்லாம இது முழுசா இல்லை."

நான் தாளை வாங்கிக்கொண்டு படியேறினேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவர் குத்திக் காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். 'எழுதச் சொல்லுங்கோ, அப்புறம் பாருங்கோ' என்று அவர் சொல்லாததையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன். நீ வந்ததும், "ஸார் படிச்சாரு. இதைப் பேசக் கூடாதுன்னுட்டாரு. பேசினா வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு" என்றேன். நீ சிரித்த முகமாக வந்தவன் அப்படியே நின்றுவிட்டாய். நான் பொய் சொல்வேன் என்று நீ யோசிக்கவே இல்லை. "அவர்கிட்ட எதுக்கு அத்தா காட்டினே?" என்று மட்டும் கேட்டாய். பிறகு, "நம்ம கதையை எடுத்துடறேன். மத்ததெல்லாம் புக்குல இருக்கிறதுதானே? அதையாவது பேசறேன்" என்றாய். அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டி அன்று காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "நீ பேசு, உன் இஷ்டம். ஆனா உங்கம்மா மறுபடி வீங்கின காலோட தெருத்தெருவா நடக்கணும், அதை ஞாபகம் வெச்சுக்கோ" என்றேன். அம்மாவின் காலை வைத்துப் பிள்ளையின் வாயைக் கட்டினேன். இதைவிடக் கேவலமாக ஒரு தகப்பன் பேச முடியுமா?

அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தேன். நீ வேறு ஏதாவது பேசுவாய் என்று நினைத்தேன். உன் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மேடைக்கு யாரும் வரவில்லை. நீ அரங்கத்துக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சீருடையோடு நிற்பது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. உன் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அப்போது எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஸார். வேட்டி சட்டையோடு, கையில் குடையோடு, உன் பேச்சைக் கேட்கவென்றே வந்திருக்கிறார்.

அவரோடுதான் நடந்து வீட்டுக்கு வந்தேன். வழியில், "என்ன ஆச்சு பாய்? ஏன் பேசலை?" என்று கேட்டார். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுக்க வேண்டுமே. "பையனுக்கு மேடை பயம் ஸார். கடைசி நேரத்துல கால் நடுங்கிடுச்சு. கொஞ்சம் பயந்தாங்கொள்ளி அவன்" என்றேன். அவர், "பாவம். பேப்பர்ல அவ்வளவு தைரியமா எழுதியிருந்தானே" என்றார். நான் தலையாட்டினேன். உன்னிடம் அவரைக் கொடுமைக்காரர் ஆக்கினேன், அவரிடம் உன்னைக் கோழை ஆக்கினேன். நடுவில் நான் மட்டும் நல்லவன். ஒப்பந்தம் அந்த மாதமே புதுப்பித்தாயிற்று. கையெழுத்துப் போடும்போது ஸார் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நீ அவரைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டாய். அவர் படியில் உட்கார்ந்திருந்தால் தாண்டிப் போவாய். முதலில் அவர், "என்னடா யூசுப்" என்று கூப்பிட்டுப் பார்த்தார், பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார். வக்கீலாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் கம்ப்யூட்டர் எடுத்தாய். நல்ல வேலை, நல்ல சம்பளம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கல்லூரியிலோ ஆபீசிலோ நீ எந்த மேடையிலும் ஏறியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும். போட்டி நடந்த மறுவாரமே என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். நான் சத்தம் போட்டு அடக்கிவிடுவேன். அவளையும் என் பொய்க்குக் காவலாக உட்கார வைத்தேன். நீ பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிட்டுப் போன அன்று அவள் சத்தம் போடவில்லை. "நாளைக்கு மருமக வந்து அவருக்கு ஸலாம் சொல்லுவா. இவன் சொல்லாதேம்பான். உங்க பொய்யை அந்தப் பொண்ணும் சேர்ந்து சுமக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விதான் என்னைத் தள்ளியது. நேற்று சாயங்காலம் கீழே போனேன். இந்த முறை எதற்கும் அனுமதி கேட்கப் போகவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் என்ன சொன்னேன், அவரிடம் என்ன சொன்னேன், இரண்டையும். ஊஞ்சலில் இருந்தவர் காலை ஊன்றி ஆட்டத்தை நிறுத்தினார். அவருக்கும் வயதாகிவிட்டது. பிறகு சொன்னார்: "அந்தப் பையன் ஏன் என்னைப் பாத்தா மூஞ்சியைத் திருப்பிக்கறான்னு நான் யோசிக்காத நாள் இல்லை பாய். நான் அவ்வளவு மோசமானவன்னா நெனச்சேள்?"

எப்போதும் போல, 'ஐயையோ, இல்ல ஸார்' என்று நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். "ஆமா ஸார், நெனச்சேன். கறி சமைக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கினவர்கிட்ட வேற என்ன ஸார் நெனைக்கிறது? நீங்க நல்லவரா இல்லையான்னு ஒவ்வொரு பதினொரு மாசமும் நான் பயந்துகிட்டேதான் இருந்தேன்" என்றேன். சொல்லிவிட்டு என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதைத்தானே பாய் அன்னிக்கு எழுதச் சொன்னேன்" என்றார்.

அவரைப் பெரிய மகான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வரியை அவர்தான் எழுதினார், இன்றைக்கும் ஒப்பந்தத்தில் அது இருக்கிறது. தப்பு என்று தெரிந்தும் அவர் அடிக்கவில்லை, தப்பு என்று தெரிந்தும் நான் கேட்கவில்லை. இரண்டு கிழவர்களும் ஒரே படிக்கட்டில் இத்தனை வருஷம் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தோம். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஒருவன் நீ, உன்னை நான் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் நிறுத்திவிட்டேன். நீ இரண்டு பக்கத்தையும் தேடித் தேடி எழுதினாய். நான் ஒரு பக்கத்தையும் சரியாகக் கேட்கவில்லை.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம். எந்த முகத்தோடு சொல்வது? ஒன்று மட்டும் சொல்கிறேன், பட்டவன் சொல் என்று எடுத்துக்கொள். பயமாக இருந்தால் உன் மனைவியிடம் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடு. அந்தப் பயத்துக்கு அடுத்தவர் பெயரை வைத்துச் சொல்லாதே. இன்னார் கூடாதென்கிறார், இன்னார் கோபப்படுவார் என்று சொல்லிச் சொல்லித்தான் உன் அத்தா பாதி வாழ்க்கையை ஓட்டினான். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டு. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. எனக்கு மானம் போகும், போகட்டும்.

ஸாருக்குப் பத்திரிகை வைப்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். அந்த ஒப்பந்த வரிக்காக நீ அவர் மேல் கோபப்பட்டால் அது உன் நியாயம், நான் குறுக்கே வர மாட்டேன். ஆனால் உன் பேச்சை நிறுத்தியதற்காக அவர் மேல் வைத்திருக்கும் கோபம் விலாசம் மாறிப் போய்ச் சேர்ந்தது. அது எனக்கு வர வேண்டியது, எனக்கே அனுப்பு. அடுத்த முறை வீட்டுக்கு வரும்போது படியில் அவர் உட்கார்ந்திருந்தால், ஒரு வார்த்தை பேசிவிட்டு மேலே வா. முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டிப் போக உனக்கு ஒரு ஆள் வேண்டுமென்றால், மாடியில் நான் இருக்கிறேன்.

உன் அத்தா